சக்கரத்தில் முத்துக்கு எவ்வளவு இடம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் எழுதிய ஒரு வரியிலிருந்து வந்தது. அதைக் கதைக்காக எழுதவில்லை. கைபேசி விளையாட்டு ஒன்றுக்காக எழுதினேன்:

"அடடா, மயிரிழையில் நழுவிவிட்டதே! இன்னொரு சுற்று?"

மொன்றியாலில் இருபத்தொரு வருடமாக மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். ஆஸ்பத்திரி அறிவிப்பு, பள்ளிக்கூடச் சுற்றறிக்கை, தண்ணீர் நிறுத்தப்படும் என்ற நோட்டீஸ், நடுநடுவே விளையாட்டு. விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் எதையும் முழுசாகக் காட்ட மாட்டார்கள். கட்டம் போட்ட தாள் ஒன்று வரும். கட்டத்துக்கு ஒரு வரி. எந்த வரி எந்தப் படத்துக்கு அடியில் போய் உட்காரும், அதை யார், என்ன நிலைமையில் படிப்பார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. கொடுத்த இடத்துக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். பிரெஞ்சில் அந்தக் கட்டத்தில் 'கிட்டத்தட்ட!' என்று வறட்டுத்தனமாக ஒரே ஒரு சொல் இருந்தது. அதற்கு உயிர் கொடுத்தவள் நான். அந்த 'அடடா' என்னுடையது. மயிரிழையும் என்னுடையது. அன்றைக்கு என் முதுகை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

போன பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்த விளையாட்டைச் செய்கிற சொலேன் கூப்பிட்டாள். "இருநூத்திப் பதினாலாவது வரிக்குத் தமிழ்ல என்ன போட்டிருக்க?"

சொன்னேன்.

"அதை அப்படியே பிரெஞ்சுல திருப்பிச் சொல்லு."

சொன்னேன். அந்தப் பக்கம் அவள் அதை எழுதிக்கொள்வது கேட்டது.

"ரொம்ப நல்லா எழுதிட்ட நீ" என்றாள். அது பாராட்டு மாதிரி இல்லை.

2

தொடக்கம் ஒன்று: பிப்ரவரி மாதத்து மொன்றியாலில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு

[நிறுத்திவிட்டேன். பனி கொட்டுவதில் தொடங்கும் வெளிநாட்டுத் தமிழ்க் கதைகளை அள்ள நகராட்சி வண்டிதான் வர வேண்டும்.]

தொடக்கம் இரண்டு: ஒரு காலத்தில் கைபேசி விளையாட்டுகள் கலையாக இருந்தன, பிறகு பேராசை பிடித்த கம்பெனிகள் வந்து

[இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் முடிவு எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்விடும். தவிர, பேராசை பிடித்த கம்பெனி என்று ஒருவரும் வேலைக்கு வருவதில்லை. பாஸ்கால் வருவான், மைத்தே வருவாள், சொலேன் வருவாள். அந்தக் கட்டத் தாளோடு நானும் வருவேன்.]

தொடக்கம் மூன்று: சொலேன் கோத்ரோவுக்கு நாற்பத்திரண்டு வயது. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே திசை சொல்லிவிடுவாள்.

இது இருக்கட்டும்.

3

சொலேன் கோத்ரோவுக்கு நாற்பத்திரண்டு வயது. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே திசை சொல்லிவிடுவாள். சென் லோரான் ஆற்றின் தென்கரைக்காரி. அங்கே ஆறு கடல் மாதிரி அகலம். அக்கரை தெரிகிற நாளை விடத் தெரியாத நாள்தான் அதிகம். அந்த ஊரிலிருந்து வந்தவள் தன் முதல் விளையாட்டைச் செய்தபோது திரையில் படமே வைக்கவில்லை. முழுக்க மூடுபனி. வெறும் சாம்பல் நிறம்.

பெயர் 'ஆறு மணிப் படகு'. விரலைத் திரையில் வைத்தால் படகு நகரும். காதுதான் வழிகாட்டி: தூரத்தில் ஒரு சங்கு, வலப்பக்கம் கடற்பறவை, ஆற்றில் மிதக்கும் மிதவையின் மணி. அதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் துறைமேடைக்குப் போய்ச் சேர வேண்டும். பதினோரு நிமிடப் பயணம். கரை சேர்ந்ததும் விளையாட்டு தானே மூடிக்கொள்ளும். அன்றைக்கு மறுபடி ஆட முடியாது. எவ்வளவு தட்டினாலும் முடியாது. ஒரு காப்பியின் விலைக்கு ஒரே ஒரு தடவை வாங்கினால் போதும், அதன் பிறகு அது உங்களிடம் எதையும் கேட்காது.

அப்போது அவள் மொன்றியாலில் பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு தமிழ்க் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தாள். கீழ்வீட்டுக்காரர்கள் மொழியிலும் இருக்கட்டும் என்று என்னைப் பிடித்தாள். மொத்தமே பதினோரு வரி. கடைசி வரிக்கு மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். பிரெஞ்சில் 'இன்றைக்கு இவ்வளவுதான், போங்கள்' என்று இருந்தது. நம் ஆட்கள் யாரையும் வெறுமனே 'போங்கள்' என்று அனுப்ப மாட்டார்கள் என்றேன். "சரி, உங்க ஆளுங்க எப்படி அனுப்புவாங்களோ அப்படியே அனுப்பு" என்றாள். 'கரை வந்துவிட்டது. இன்றைக்கு இவ்வளவுதான். போய் வாருங்கள்' என்று எழுதினேன்.

ஏழு வருடம் ஆகிறது. அந்தக் காலத்தில் மைல்-எண்ட் பகுதியில் ஒரு பழைய தையல் ஆலைக் கட்டிடத்தின் ஒரே படிக்கட்டில் இப்படிப்பட்ட கம்பெனிகள் ஐந்து இருந்தன. ஒருவன் எறும்புப் புற்றுக்குள் தபால் கொண்டுபோகும் விளையாட்டைச் செய்தான். இரண்டு சகோதரிகள் வெறும் நிழல்களை வைத்து ஒரு துப்பறியும் கதை செய்தார்கள். காசு கொடுத்து விளையாட்டு வாங்கும் பழக்கம் மெல்ல மெல்லப் போனது. இலவசமாகக் கொடுத்து உள்ளே இழுத்து, பிறகு துளித்துளியாகக் கறப்பவர்கள்தான் கடையின் முன்வரிசையில் நின்றார்கள். எறும்புக்காரன் இப்போது சூதாட்ட விடுதி இயந்திரங்களுக்கு விளக்கு அமைக்கிறான். சகோதரிகளில் ஒருத்தி பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். சொலேனின் கம்பெனியை வேறு ஊரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது.

வாங்கியவர்கள் படகை இலவசமாக்கினார்கள். ஆற்றுக்கு அடியில் சிப்பி வைத்தார்கள். சிப்பியைக் காசு கொடுத்து வாங்கலாம். சிப்பியைக் கொடுத்தால் ஒரு சக்கரம் சுற்றும். சக்கரத்தில் எட்டுத் துண்டு. அதில் ஒன்று கறுப்பு முத்து. எட்டும் பார்வைக்கு ஒரே அளவு.

[முத்தை வைத்து என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? இன்னும் நிறையச் சிப்பி கிடைக்கும். அதைக் கொண்டு சக்கரத்தைச் சுற்றலாம்.]

4

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம்.

பாஸ்கால் சக்கரத்துக்குப் பொறுப்பானவன். முதல் வரைவில் அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருந்தார்கள். அவர்களுக்குக் கைபேசியே கொடுப்பதில்லை என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். கெட்டவனைக் கையும் களவுமாகப் பிடிப்பது அவ்வளவு சுலபம் என்றால் கதை எதற்கு? அவனுக்குக் குழந்தையில்லை. வயசான ஒரு பூனை உண்டு. கம்பெனிக்கு மூடுவிழா நடக்க இருந்தபோது அந்தச் சக்கரத்தைக் காட்டித்தான் பதினோரு பேர் வேலையை அவன் காப்பாற்றினான். அதில் சொலேனும் ஒருத்தி.

அவர்கள் ஆபீசில் வியாழக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பிடும்போது ஆட்டக்காரர்களின் கடிதங்களைச் சத்தமாகப் படிப்பது வழக்கம். சொலேன் ஏற்படுத்திய வழக்கம். கடிதங்களுக்குப் பொறுப்பான மைத்தே அன்றைக்கு ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதைக் கேளுங்க. மத்தான்லேர்ந்து ஒரு ஆளு, சொலேனோட தென்கரைப் பக்கந்தான். முதல் கடிதம்: 'என் கணக்கை மூடிவிடுங்கள், நன்றி.' நம்ம மிஷின் என்ன பதில் போட்டிருக்கு தெரியுமா? 'உங்களைக் காணாமல் தவிக்கிறோம்! இதோ ஐந்நூறு சிப்பி!'"

ஒருவன் வாயில் இருந்த சோளத்தைத் துப்பாத குறையாகச் சிரித்தான்.

"இருங்க, இருங்க. ரெண்டாவது: 'நான் பரிசு கேட்கவில்லை. மூடத்தான் சொன்னேன்.' பதில்: ரெண்டாயிரம் சிப்பி! மூணாவது: 'தயவுசெய்து மூடுங்கள்.' அதுக்கு வீட்டுக்கே ஒரு பார்சல். காப்பிக் கோப்பை. 'எங்கள் செல்ல மாலுமிக்கு'ன்னு எழுதி."

மேசை முழுக்கச் சிரித்தது. பாஸ்கால்கூடச் சிரித்தான். பிறகு அவனே விளக்கினான்.

"மூடுன்னு எழுதினா மிஷின் அவரை 'கிளம்பப் பார்ப்பவர்' பட்டியல்ல போட்டுடும். அந்தப் பட்டியல்ல இருக்கறவங்களுக்குப் பரிசு தானாப் போகும். தலைமை ஆபீஸ் வேலை, நம்ம கையில இல்லை. ஆனா இந்த ஆளு சும்மா ஆளு இல்லப்பா. நம்ம பெரிய ரசிகர். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்!"

அந்தத் தொழிலில் நாளைக்கு நாலு மணி நேரம் ஆடுகிறவனுக்கு வேறு பெயரே கிடையாது. ரசிகர்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்கள்.

"பேரு என்ன?" என்று சொலேன் கேட்டாள்.

"ரொசேர் திபோ."

சொலேன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் மேசைக்கு மேலே சுவரில் ஏழு வருடமாக ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. படகு விளையாட்டுக்கு வந்த முதல் கடிதம். 'அம்மணி, விளையாட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் வடகிழக்குக் காற்று அடிக்கும்போது மிதவை மணி இடப்பக்கம் கேட்க வேண்டும். நீங்கள் வலப்பக்கம் வைத்திருக்கிறீர்கள். ரொசேர் திபோ, மத்தான்.' அன்றைக்கே மாற்றினாள். அவர் சொன்னதுதான் சரி.

"திங்கக்கிழமை புது வடிவம் போகுதுல்ல?" என்றாள்.

"போகுது" என்றான் பாஸ்கால். "சக்கரம் முன்னாடி வருது. படகுப் பயணத்தை எடுத்துடறோம். சொன்னேனே. யாரும் அதைத் தொடறதில்லை, சொலேன்."

5

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் அந்த ஆளைக் கூப்பிட்டாள். ரொசேர் திபோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார்.*

"மிஸ்யே திபோவா?"

"யாரு? இன்னொரு கோப்பை அனுப்பப் போறீங்களா?"

"இல்ல. நான் சொலேன் கோத்ரோ. படகு விளையாட்டு செஞ்சவ."

வண்டியின் சூடேற்றி இரைவது மட்டும் கேட்டது.

"மணியைப் பத்தி எழுதினேனே... அந்தச் சொலேனா?"

"அதே சொலேன்தான், மிஸ்யே."

"மிஸ்யே எல்லாம் வேண்டாம்மா. ரொசேர்னே சொல்லு. மாத்திட்ட, இல்ல? நான் கவனிச்சேன். இப்ப சரியா இடப்பக்கம் கேக்குது."

"கோப்பை வந்துச்சா?"

"வந்துச்சு. நல்ல கோப்பை. இப்பக்கூட அதுலதான் காப்பி. திருப்பி அனுப்பணும்னு நெனச்சேன், மனசு வரலை. என் வண்டவாளத்தைப் பாரு."

"உங்க போன்லேர்ந்து விளையாட்டை அழிச்சுடலாமே, ரொசேர்?"

"நாலு தடவை அழிச்சேன். மறுபடி இறக்கினா பேரைச் சொல்லிக் கூப்பிடுது. 'வாங்க ரொசேர், உங்களுக்காக வெச்சிருக்கோம்'ங்குது. என் பொண்டாட்டிகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. கணக்கை உங்க பக்கம் மூடினாத்தான் உண்டு."

"மூட ஏற்பாடு பண்றேன்."

"சீக்கிரம் பண்ணும்மா." அவர் குரல் இறங்கியது. "காலையில வண்டி சூடாகப் பத்து நிமிஷம் நிக்கும். ராத்திரி சுத்தறது போதாதுன்னு அந்தப் பத்து நிமிஷமும் சுத்துவேன். போன மாசம் ஒரு நாள் அது முப்பது நிமிஷமாயிருக்கு. எனக்குத் தெரியவே இல்லை. கடைசி நிறுத்தத்துல ஒரு பொண்ணு, ஏழு வயசு. மைனஸ் இருபத்திரண்டு. எனக்காக இருபது நிமிஷம் தனியா நின்னிருக்கா. காதெல்லாம் வெள்ளையாயிடுச்சு."

சொலேன் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"திட்டியிருந்தாத் தேவலை. 'போன்ஜூர் ரொசேர்'னு சொல்லிட்டு ஏறி உக்காந்துச்சு. இன்னொரு தடவை இப்படி நடந்தா வண்டியை என்கிட்டேருந்து வாங்கிடுவாங்க. வாங்கத்தான் வேணும், நானே சொல்றேன்."

"ரொசேர்..."

"ஜெயிக்க முடியாதுன்னு தெரியும்மா. நான் முட்டாள் இல்லை. ஆனா அது முத்துக்குப் பக்கத்துல வந்து வந்து நிக்குது பாரு, அப்ப ஒரு மணி அடிக்குது. அது நம்ம மணி. ஆத்து மணி. நான் சரி பண்ணிக் குடுத்தது. அதைக் கொண்டுபோய் அங்க வெச்சது யாரு?"

வைத்தது சொலேன்தான். இரண்டு வருடம் முன்பு, சக்கரம் நிற்கிற இடம் செத்துக் கிடக்கிறது, ஏதாவது பண்ணேன் என்று பாஸ்கால் கேட்டான். ஒரே மத்தியானத்தில் செய்து கொடுத்தாள். மூடுபனியில் அந்த மணியைக் கேட்டால் கரை பக்கத்தில் என்று மனசு துள்ளும். அந்தத் துள்ளல் அப்படியே சக்கரத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அவளும் தன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருப்பாள்.

"நான்தான் வெச்சேன்" என்றாள்.

"ம்" என்றார் ரொசேர். "நல்லாத்தான் வெச்சிருக்க."

* ரொசேருக்குப் பேருந்து கொடுத்தது நான். உண்மையில் அவர் வேறு வண்டி ஓட்டுகிறார், வேறு பெயரில். பனியில் நின்ற பெண்ணும் நான் நிறுத்தியவள்தான். உண்மையில் நடந்தது வேறு. அதை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். முதல் வரைவில் அந்தப் பெண்ணுக்கு நீலக் குல்லாய் போட்டிருந்தேன். பிறகு நீங்கள் இன்னும் கொஞ்சம் பதற வேண்டும் என்று குல்லாயைக் கழற்றினேன். காது வெள்ளையானது அப்படித்தான்.

6

அந்த அடிக்குறிப்பை எழுதிவிட்டு எழுந்து போய்த் தேநீர் போட்டேன். திரும்பி வந்து படித்தபோது எனக்கே என் மேல் கோபம் வந்தது.

உங்களை அடுத்த பத்திக்கு இழுக்க ஒரு குழந்தையின் குல்லாயைக் கழற்றியிருக்கிறேன். பத்தி முடிவில் ஒரு மணி அடிக்கிறேன். இதோ வந்துவிட்டது என்று காட்டிவிட்டு, அடுத்த எண்ணைப் போட்டு வேறு இடத்துக்குப் போகிறேன். சக்கரக்காரர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கதை சொல்கிற எல்லோரும் செய்வதுதானே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சமாதானம் பாதி வழிதான் வந்தது. நான் உங்களைப் பிடித்து வைக்கலாம். அது என் தொழில். ஆனால் கதைக்கு ஒரு கரை வேண்டும். கரை வந்ததும் விட்டுவிட வேண்டும். சொலேனின் படகு விட்டுவிட்டது. சக்கரம் விடவில்லை. இப்போதைக்கு எனக்குத் தெரிந்த வித்தியாசம் இது ஒன்றுதான்.

அதனால் குல்லாயைத் திருப்பிப் போட்டுவிட்டேன். அந்தப் பெண் இருபது நிமிடம் நின்றாள், தலையில் நீலக் குல்லாயோடு. அதுவே போதுமான தப்பு.

7

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வேலையைப் பூட்டுவார்கள். பூட்டிய பிறகு யாரும் எதையும் மாற்ற முடியாது. திங்கட்கிழமை அதுதான் வெளியே போகும். சொலேன் பதினொரு மணிக்கு உட்கார்ந்தாள். மைத்தே சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழுந்திருக்கவில்லை.

அவள் செய்த வேலை ஒரே ஒரு படம். அதே சக்கரம், அதே நிறங்கள், அதே எட்டுத் துண்டு. ஒவ்வொரு துண்டையும் அதனதன் உண்மையான அளவில் வரைந்தாள். நானூறு சுற்றில் ஒரு தடவைதான் முத்து விழும். அதனால் வட்டத்தில் நானூற்றில் ஒரு பங்குதான் முத்துக்கு இடம். முத்துக்குப் பக்கத்துத் துண்டு ஐந்தில் ஒரு தடவை விழும்படி வைத்திருந்தார்கள். அது பாறை மாதிரி அகலமாக வந்தது. நடுவில்தான் எனக்குப் போன் செய்தாள்.

"இருநூத்திப் பதினாலுக்கு வேற வரி வேணும். நடந்ததை மட்டும் சொல்லு. அடடா வேண்டாம்."

வெட்கமாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் எழுதி அனுப்பினேன்: 'முத்து வரவில்லை. வருவது மிக அரிது. இன்றைக்கு இவ்வளவுதான்.'

மூன்றே காலுக்குப் பாஸ்கால் வந்து அவள் திரையைப் பார்த்தான்.

"என்ன இது, சக்கரமா, பீட்சாவா?"

"சக்கரந்தான். அததுக்கு உள்ள இடத்தைக் குடுத்திருக்கேன்."

"முத்து எங்க?"

"பெருசாக்கிப் பாரு."

பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். "தபர்நாக்!" என்று அந்த ஊர் வசவை விட்டான். "தலைமுடி மாதிரி இருக்கு!"

"எண் நீ போட்டதுதான். நான் வரைஞ்சேன், அவ்வளவுதான். இதுல பொய் எதாவது இருந்தா காட்டு."

அவன் தேடினான். நேர்மையாகவே தேடினான்.

"இதைப் பாத்துட்டு எவன் சுத்துவான், சொலேன்?"

"இப்பச் சொன்னதையே இன்னொரு தடவை மெதுவாச் சொல்லு."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "பதினோரு பேரு இருக்கோம்" என்றான் கடைசியில். "ரெண்டு மாசம் தாங்க மாட்டோம். உனக்கே தெரியும்."

"தெரியும்."

"அந்த ஆளு கணக்கை மூடற விண்ணப்பத்துல இப்பவே கையெழுத்துப் போடறேன். முப்பது நாள் ஆகும்."

"அந்த முப்பது நாளும்?"

"பட்டியல்ல இருப்பாரு." அவன் தரையைப் பார்த்தான். "பரிசு போகும்."

எந்த வாக்குவாதமும் அந்தத் தொழிலில் வாக்குவாதமாக முடிவதில்லை. ஒரு சாராருக்கு இது, இன்னொரு சாராருக்கு அது என்று பிரித்து அனுப்பிவிட்டு, எது தேறுகிறது என்று பார்ப்பார்கள். சிவப்புப் பொத்தானா பச்சைப் பொத்தானா என்பதற்கும் அதுதான் வழி, இதற்கும் அதுதான்.

"நூத்துக்கு அஞ்சு பேருக்கு உன் சக்கரம்" என்றான் பாஸ்கால். "மிச்சப் பேருக்குப் பழையது. ரெண்டு வாரம் பாப்போம். இதுக்கு மேல என்னால முடியாது."

"ரொசேருக்கு எது வரும்?"

"அது மிஷின் எடுக்கற சீட்டு. நாம கை வெச்சா முடிவு செல்லாது." அவன் எழுந்தான். "உன் சக்கரத்தையே வெச்சு வரைஞ்சு பாத்துக்கோ."

நாலு மணிக்கு வேலையைப் பூட்டினார்கள்.

8

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பது. மத்தானில் ரொசேர் வண்டியைக் கிளப்பி, சூடாக விட்டு, கைபேசியைக் கையில் எடுத்தார். இந்த இடத்தில் நான்கு முடிவுகள் எழுதி வைத்தேன்.

முடிவு ஒன்று. அவருக்குச் சொலேனின் சக்கரம் வருகிறது. தலைமுடி அளவு முத்தைப் பார்க்கிறார். போனைக் கீழே வைக்கிறார்.

முடிவு இரண்டு. பழைய சக்கரம். மணி அடிக்கிறது. கடைசி நிறுத்தத்தில் நீலக் குல்லாய்.

முடிவு மூன்று. சொலேனின் சக்கரம்தான் வருகிறது, ஆனாலும் அவர் சுற்றுகிறார். மூடுபனியில் வளர்ந்த மனிதர். கண்ணுக்குத் தெரியாததைத் தேடிப் போய்த்தான் அவருக்குப் பழக்கம்.

முடிவு நான்கு. அவர் திறக்கவே இல்லை.

[இப்படி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகப் போட்டால் நான்கும் ஒரே அளவாகத் தெரிகிறது. நான் செய்துகொண்டிருப்பதும் பழைய சக்கரம்தான். ஒன்றும் மூன்றும் சேர்ந்து இருபதில் ஒரு பங்கு. இரண்டாவது, மிச்சம் பத்தொன்பது. நான்காவது எந்த இயந்திரத்தின் கையிலும் இல்லை. அதன் அளவு எனக்குத் தெரியாது. 'எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள்' என்று இந்த நான்கையும் உங்களிடம் நீட்ட முடியவில்லை.]

அந்த நான்கையும் விட்டுவிடுகிறேன். நடந்தது இது:

ஆறு நாற்பதுக்கு ரொசேரின் போன் மணி அடித்தது.

"காத்து எந்தப் பக்கம், ரொசேர்?" என்று சொலேன் கேட்டாள்.

"யாரு... ஏம்மா, தூங்க மாட்டியா நீ?"

"கேட்டதுக்குப் பதிலைச் சொல்லுங்க."

"வடமேற்கு. நல்லாக் குத்துது."

"அப்ப சங்கு எந்தப் பக்கம் கேக்கும்?"

பத்து நிமிடம் பேசினார்கள். வண்டி சூடானது. அவர் நேரத்துக்குக் கிளம்பினார். மறுநாளும் கூப்பிட்டாள், அதற்கு மறுநாளும். யாருக்கு எந்தச் சக்கரம் என்ற பட்டியல் அவள் கணினியிலேயே இருந்தது. அதில் அவர் பெயரை அவள் தேடவில்லை.

9

முதல் வாரமே வியாழக்கிழமை அவளால் கூப்பிட முடியவில்லை. தலைமை ஆபீசுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. சக்கரத்தைப் பற்றி அவளை விசாரிக்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள். "நீ ஒரு நாள் கூப்பிடேன்" என்றாள். "நான் என்ன பேசுவேன்?" என்றேன். "அந்த அடடாவை எழுதினவதானே நீ. எதாவது பேசு."

ஆறு நாற்பதுக்குக் கூப்பிட்டேன். நான் யார் என்று சொன்னேன். படகின் கடைசி வரியைத் தமிழில் எழுதியவள் என்றேன். அதைச் சொல்லிக் காட்டச் சொன்னார். சொன்னேன். 'போய் வாருங்கள்' என்றால் 'போ' என்பதும் 'வா' என்பதும் சேர்ந்தது என்று விளக்கினேன்.

"இது நல்லாயிருக்கே" என்றார். "எங்க ஆளுங்க போன்னு மட்டுந்தான் சொல்றாங்க."

அப்போது அந்தப் பக்கம் மணிச் சத்தம் கேட்டது. தெளிவாக, ஒரே ஒரு தடவை. குளிர்காலத்தில் ஆற்றில் மிதவை கிடையாது. பனிக்கட்டி உறைவதற்கு முன்பே எல்லா மணியையும் தூக்கிக் கரையில் வைத்துவிடுவார்கள். சொலேன் சொல்லியிருக்கிறாள். என்னோடு பேசிக்கொண்டே அவர் சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரியும். சூடேற்றியின் இரைச்சல் மட்டும் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அவரால் இல்லை, என் அடடாவால்.

"பெரியம்மா" என்றுகூட யாரும் என்னை இந்த ஊரில் கூப்பிட மாட்டார்கள்; அவர் என்னை "மொழிக்காரம்மா" என்று கூப்பிட்டார்.

"மொழிக்காரம்மா, மணி என்ன இப்ப?"

"ஆறு ஐம்பது."

"கிளம்பறேன். அந்தப் பொண்ணு நிக்கும்."

வண்டி கியர் மாறும் சத்தம் கேட்டது. நேரத்துக்குத்தான் கிளம்பினார். அதையும் நான் கேட்டேன்.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. கணக்கு மூட இன்னும் இருபத்துநான்கு நாள் மிச்சம் இருந்தது. அதில் எத்தனை காலை மணி அடித்தது, எத்தனை காலை அந்தப் பெண் நின்றாள், சொலேனுக்கு வேலை இருந்ததா, பாஸ்காலின் இரண்டு வாரத்தில் எது தேறியது என்று ஒரு முடிவை என்னால் ஜோடித்துவிட முடியும். கிட்டத்தட்ட தப்பித்துவிட்டார் என்று எழுதலாம். அந்தச் சொல்லை நான் இனி எழுதுவதாக இல்லை. ஒரே காலையில் அவர் சுற்றினார், நேரத்துக்கும் போனார். இரண்டும் நடந்தது. இரண்டுக்கும் எவ்வளவு இடம் என்று நீங்கள் வரைந்துகொள்ளுங்கள். ஆனால் உண்மையான அளவில் வரையுங்கள்.

நீங்களும் இதைக் கைபேசியில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். அடுத்து என்ன என்று விரல் கீழே தேடும். இங்கே அடுத்தது ஒன்றும் இல்லை. அதை மூடி வையுங்கள். உங்களுக்காகவும் எங்காவது யாராவது நின்றுகொண்டிருக்கலாம்.

இன்றைக்கு இவ்வளவுதான். போய் வாருங்கள்.